முனீஸ்வரன் தலையில் ஒரு மேடு

கரும்பாறை மலையில் ஒரு காரியம் ஒழுங்காக நடந்து முடிந்தது என்று யாராவது சொன்னால் கல்தச்சர் கனகசபை சிரிப்பார். வாயால் அல்ல, மூக்கால். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்கள் அதற்குமேல் பேச்சை வளர்க்க மாட்டார்கள்.

ஊர், தமிழும் பிரெஞ்சும் கலந்து பேசுகிற கரும்புத் தீவில், ரிவியேர் தே ஸாங்கீய் என்கிற சிற்றூருக்கு மேலே, கரும்பு முடிந்து காடு தொடங்குகிற சரிவில் இருந்தது. கீழே பெரிய தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, கையில் காசு சேர்த்திருந்தவன் நிலம் வாங்கிக் கரும்பு போட்டான். கையில் தொழில் மட்டும் இருந்தவன் மலையேறினான். பானை வனைகிற சின்னன், இரும்படிக்கிற பெர்னார், அவன் பெண்டாட்டி பை முடைகிற தெரேஸ், கல் கொத்துகிற கனகசபை எல்லோரும் அப்படி ஏறியவர்கள்தான். ஓர் ஊரில் ஒரே ஒரு கைத்தொழில்காரன் இருந்தால் அவனுக்குத் தனி மரியாதை. ஊர் முழுக்கக் கைத்தொழில்காரராக இருந்தால் என்ன ஆகும்? அவனவன் தன் வேலையைப் போட்டுவிட்டு அடுத்தவன் வேலைக்கு நொட்டை சொல்லிக்கொண்டிருப்பான். கரும்பாறையில் அதுதான் நடந்தது.

கனகசபை அதுவரை சர்க்கரை ஆலைப் புகைபோக்கிக்கும் பாலத்துக்கும் கல் கொத்தியவர். சாமி செய்ததில்லை. ஊர் எல்லையில் ஆலமரத்தடியில் ஆள் உயரப் பாறை ஒன்று நின்றது. அதை முனீஸ்வரனாகக் கொத்தித் தரவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார்கள். கனகசபை மறுபேச்சு பேசாமல் சரி என்றார். அந்தச் சரியைப் பிற்பாடு நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

உளி வைத்த மறுநாளே பூசாரி வீரசாமி வந்து நின்றார்.

"ஏம்ப்பா கனகசபை, மீசை இன்னும் வரலியே?"

"பாறைக்குள்ளதான் இருக்கு. கூப்பிட்டுப் பாருங்க, வருதான்னு."

சின்னன் வந்து மூக்கு சப்பை என்றான். மூக்கை அவர் இன்னும் தொடவே இல்லை. பெர்னார் வந்து, சாமி கையில் இருக்கப்போகிற அரிவாள் தன் பட்டறை அரிவாள் மாதிரி இருக்கவேண்டும் என்று தரையில் படம் போட்டுக் காட்டினான். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனுக்கு முனீஸ்வரன் அரிவாளைப் பற்றி என்ன கவலை என்று கேட்டதற்கு, சாமி யாருடையதாக இருந்தாலும் அரிவாள் அரிவாள்தானே என்றான். பூசாரியோ விடிந்தால் வந்துவிடுவார். "முடிஞ்சா எப்படி இருக்கும்னு ஒரு ஓரமாவது காட்டேன்ப்பா. ஊர்ல கேக்கறாங்க."

சிலை கொத்துகிறவன் இரண்டு பக்கமும் சமமாக இறங்கிவர வேண்டும். இது கனகசபைக்குத் தெரியாததல்ல. ஆனால் மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பான்? "இந்தாங்க, பாத்துத் தொலைங்க" என்று சாமியின் இடப்பக்கத்தை மட்டும் மளமளவென்று முடித்தார். இடது காது, இடது தோள், இடது மீசை எல்லாம் வந்தன. தலையின் இடப்பாதி வழவழவென்று சரிந்து இறங்கியது. வலப்பாதி கொத்தாத பாறையாகவே கிடந்தது. தலையில் அந்தப் பக்கம் ஒரு சாண் மேடு துருத்திக்கொண்டு நின்றது. பாதி முனீஸ்வரனைப் பார்த்த பூசாரி ஊருக்குச் சொல்ல ஓடினார். கனகசபை அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அந்த வாரமே புயல் அடித்தது.

மலையில் ஒரு கூரை மிஞ்சவில்லை. பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடிப்போய் அந்தப் பாறைக்கும் ஆலமரத்துக்கும் பின்னால் நெருக்கியடித்து ஒண்டியது. ஆலமரத்தின் பாதி கிளை முறிந்து விழுந்தும் ஓர் உயிருக்குச் சேதமில்லை. விடிந்து காற்று ஓய்ந்ததும், கனகசபை தன் வீட்டுக் கூரை எந்தப் பள்ளத்தில் கிடக்கிறது என்று தேடிப் போனார். திரும்பி வந்து பார்த்தால் பாறையைச் சுற்றிக் கும்பல். மஞ்சள் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குங்குமம் அப்பியாகிவிட்டது. சிவப்புத் துணி கட்டியாகிவிட்டது. பூசாரி விளக்குக் கரியைக் குழைத்து இரண்டு கண்ணும் எழுதிவிட்டார். தேங்காய்ச் சில்லு ஒன்று கனகசபை கைக்கும் வந்தது.

"யோவ் பூசாரி! இன்னும் பாதி வேலை கிடக்குதய்யா! கண்ணைத் திறக்க வேண்டியவன் நான். கடைசியில, உளியால. இப்படிக் கரியைப் பூசி வச்சிருக்கீங்களே!"

"சாமி நேத்தே கண்ணைத் திறந்துட்டாரு. இல்லேன்னா இன்னிக்கு நாம இருப்போமா?"

"வலது காதே இல்லையே!"

"ஒரு காதாலயே நம்ம கூப்பாடு கேட்டுச்சில்ல?"

கனகசபை உளியை எடுத்துக்கொண்டு கிட்டே போனார். பெண்கள் ஐயையோ என்று அலறினார்கள். கும்பிட்ட சாமிமேல் உளி வைப்பதா, ரத்தம் வராதா என்று சின்னன் குறுக்கே விழுந்தான். கடைசியில் பூசாரி நியாயம் சொன்னார். நாம் என்ன முடிவு செய்வது, சாமியையே கேட்டுவிடுவோம். பூக்கேட்போம்.

பூக்கேட்பது புதிதல்ல. ஒரு சாமந்தியைத் தண்ணீரில் நனைத்துச் சாமி தலையின் நடுவில் வைப்பார்கள். கேள்வியைச் சொல்லிக் கும்பிட்டு நிற்பார்கள். சாமியின் வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். பூசாரி பூவை வைத்தார். "கனகசபை உன்மேல உளி வைக்கலாமா, சாமி?" வலப்பக்கம் ஒரு சாண் மேடு. இடப்பக்கம் வழவழப்பான சரிவு, அதில் எண்ணெய் வேறு. பூ எங்கே போகும்? சர்ரென்று இடப்பக்கம் வழுக்கி விழுந்தது.

"வேண்டாம்னுட்டாரு" என்றார் பூசாரி.

"அது கல்லு சாய்வுய்யா!" என்று கத்தினார் கனகசபை. "அந்த மேட்டைக் கொத்தினாத்தான் பூ நேரா நிக்கும்!"

"மேடா? அது சாமியோட கொண்டை. வலப்பக்கமா முடிஞ்சிருக்காரு."

"கொண்டை இல்லய்யா, மிச்சக் கல்லு! நான்தானே மிச்சம் வச்சேன்?"

"ஏம்ப்பா, சாமியைப் போய் மிச்சக் கல்லுங்கறியே. நல்லாவா இருக்கு?"

நல்லாத்தான் இல்லை. உளியைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு கனகசபை வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு கரும்பாறை முனீஸ்வரன் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றே சொன்னார். சின்னன் சூளை மூட்டலாமா என்று கேட்டான், வேண்டாம். ஒருத்தி மாயெபூரில் இருக்கும் தங்கச்சியைப் பார்த்துவரலாமா என்று கேட்டாள், வேண்டாம். பசு வாங்கலாமா, வேண்டாம். முதலில் எல்லோரும் பயந்தார்கள். பிறகு முணுமுணுத்தார்கள். சூளை ஆறிக் கிடந்தது, பச்சைப் பானைகள் மழையில் கரைந்தன. சின்னன் கனகசபையின் முகத்தைப் பார்க்காமல் நடந்தான். சாமிக்குக் கோபம் வரும்படி யார் நடந்துகொண்டார்கள் என்று ஊர் ஆராய்ந்தது. பாதியில் விட்ட கனகசபைதான் என்று முடிவும் கட்டியது. வேலையை முடிக்கவும் விடாமல், முடிக்கவில்லை என்று பழியும் சொன்னால் ஒரு மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

இதெல்லாம் போகட்டும் என்று விடலாம். விட முடியாத ஒன்று வந்து சேர்ந்தது.

கனகசபைக்கும் பொன்னம்மாவுக்கும் ஒரே மகள் சிவகாமி. தெரேஸோடு உட்கார்ந்து தாழையோலையில் சர்க்கரைப் பை முடைவாள். அந்தப் பைகளை ஏற்றிப்போக வண்டி கொண்டுவருகிறவன் ராஜன். ரிவியேர் தே ஸாங்கீய்க்குப் பக்கத்தில் கொஞ்சம் கரும்பு நிலம் வைத்திருக்கும் முனிசாமியின் இளைய மகன், வண்டிச்சக்கரம் செய்வதில் கெட்டிக்காரன். கொஞ்ச நாளாகப் பை இருந்தாலும் வருகிறான், இல்லாவிட்டாலும் வருகிறான். சிவகாமியும் அவன் வண்டிச் சத்தம் கேட்டால் ஓலையைத் தப்பாகப் பின்னி அவிழ்க்கிறாள். தெரேஸ் இதைப் பொன்னம்மாவிடம் சொல்ல, பொன்னம்மா கனகசபையிடம் சொல்ல, அவருக்கும் பிடித்துப்போயிற்று. சக்கரம் வட்டமாகச் செய்யத் தெரிந்தவன் வாழ்க்கையையும் ஒழுங்காக ஓட்டுவான் என்றார்.

முனிசாமியும் வந்தார். பெண்ணைப் பார்த்தார், திருப்திதான். ஆனால் அவருக்கு ஒரு கட்டாயம் இருந்தது.

"என் பெரிய மகனுக்கு சாமி உத்தரவு கேக்காம கட்டி வச்சேன்" என்றார். "வந்த பொண்ணு வருஷம் திரும்பறதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா. தங்கமான பொண்ணு. என் கையாலதான் மண்ணு போட்டேன். இனிமே பொண்ணோட ஊர் எல்லைச் சாமிகிட்டப் பூக்கேக்காம என் வீட்டுல கல்யாணம் கிடையாது. மூணு தரம் கேப்பேன். மூணும் இடதுன்னா மன்னிச்சுக்கங்க, பேச்சை விட்டுருவேன்."

அவர் கண்ணைப் பார்த்தபோது கனகசபை தலையாட்டிவிட்டார். எந்தச் சாமியிடம் கேட்கப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

முதல் தரம் கேட்டார்கள். இடது. அடுத்த அமாவாசைக்கு இரண்டாம் தரம் கேட்டார்கள். பொன்னம்மா விரதம் இருந்து, தேங்காய் உடைத்து, மாலை போட்டு, சாமி காலில் விழுந்தாள். இடது. ராஜன் தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறினான். சிவகாமி வீட்டுக்குள் போய் ஓலை கிழித்தாள். விரலில் ரத்தம் வருகிற வரைக்கும் கிழித்தாள்.

அன்றைக்குப் பொன்னம்மா பொங்கிவிட்டாள்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் சுவரு நேரா கட்டத் தெரியுது. பெத்த பொண்ணு தலையில மட்டும் கோணல் கல்ல வச்சீங்களா?"

"நானா வச்சேன்? நானா? அந்தப் பூசாரிதான் ஓரத்தைக் காட்டு, ஓரத்தைக் காட்டுன்னு—"

"அவரு சொன்னா? உங்களுக்குக் கோவம் வந்தா கையி எங்க போவுது, காலு எங்க போவுதுன்னு தெரியாதா? ரெண்டு பக்கமும் சேர்த்துக் கொத்தியிருந்தா இந்த வினை வந்திருக்குமா?"

கனகசபை மூக்கால் கூடச் சிரிக்கவில்லை. அவள் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எரிச்சல். முற்றத்தில் போய் அம்மிக்கல்லைக் கொத்த ஆரம்பித்தார். கொத்த வேண்டிய அம்மியே அல்ல அது.

தெரேஸ் வந்து வேலி ஓரம் நின்றாள். "போன் தியே, கடவுளே! அந்த அம்மியாவது தப்பிக்கட்டும், விடுங்க அண்ணே" என்றாள். அப்புறம் பொன்னம்மாவைப் பார்த்துத் திரும்பினாள். "ஏன்க்கா, உங்க சாமிக்கு வேண்டாம்னு மட்டும்தானே சொல்லத் தெரியும்? எங்க ஆளும் அப்படித்தான். எதைக் கேட்டாலும் இல்லம்பான். நான் அவன்கிட்டக் கேக்கறதே வேற மாதிரி. இன்னிக்கு நான் சந்தைக்குப் போகாம இருக்கட்டுமான்னு கேப்பேன். நோன் அப்படீம்பான். போயிட்டு வந்துடுவேன்."

பொன்னம்மா கையில் இருந்த முறம் அப்படியே நின்றது.

மறுநாள் காலை அவள் தலைக்குக் குளித்து, ஒற்றைச் சாமந்தியோடு ஆலமரத்தடிக்குப் போனாள். பின்னால் கனகசபை போனார். அவர் போனதைப் பார்த்து ஊரும் போனது. பூசாரி பூவை வாங்கித் தலையில் வைத்தார். என்ன கேள்வி என்றார். நானே கேட்கிறேன் என்று பொன்னம்மா முன்னால் வந்து கும்பிட்டாள்.

"சாமி! என் புருஷன் உன்னைப் பாதியில விட்டது விட்டதாவே இருக்கட்டுமா? இனிமே எப்பவும் அவரு உளியை எடுத்துக்கிட்டு உன் கிட்ட வராம இருக்கட்டுமா? அப்படித்தான் இருக்கணும்னா வலது குடு!"

பூ வழக்கம்போல வழுக்கிக்கொண்டு இடப்பக்கம் விழுந்தது.

பூசாரி பூவைப் பார்த்தார். பொன்னம்மாவைப் பார்த்தார்.

"என்ன சொல்றாரு பூசாரி?" என்றாள் பொன்னம்மா.

"விட்டது விட்டதா இருக்க வேண்டாம்னு... சொல்றாரு."

"வராம இருக்க வேண்டாம்னா, வரட்டும்னுதானே?"

"அப்படித்தான் வருது. ஆனா போன தரம் நான் கேட்டப்போ—"

"போன தரம் சாமி மனசு வேற. இந்தத் தரம் வேற. சாமி மனசை மாத்திக்கக் கூடாதுன்னு நீங்க சட்டம் போடுவீங்களா?"

ஊரில் யாரோ கெக்கலி கொட்டினார்கள். சின்னன்தான். அவனுக்குச் சூளை மூட்டவேண்டும்.

"இப்பவே கல்யாணத்தையும் இப்படியே திருப்பிக் கேட்டுடேன்" என்று கனகசபை பெண்டாட்டி காதில் கிசுகிசுத்தார்.

"எனக்குத் தெரியாதா? கேக்கறது மாப்பிள்ளை வீட்டுக்காரரு. அவரு வாயில நான் கேள்வியைத் திணிக்க முடியுமா? போங்க, போய் உளியை எடுங்க."

கிளைகளை வைத்துச் சுற்றி மறைப்புக் கட்டிக்கொண்டு கனகசபை வேலையில் இறங்கினார். வலது காதைக் கொண்டுவந்தார். வலது தோளை இறக்கினார். மீசையின் மற்ற பாதியும் வந்தது. கரிக்கண்ணைக் கழுவித் துடைத்தார். கண்ணைத் திறப்பதற்கு முன் மிஞ்சியது அந்த மேடு. அதையும் கொத்தி இறக்கி, உச்சியில் கைப்பிடி அளவுக்கு ஒரு தட்டையான கொண்டையாக நிறுத்தினார். பூசாரி கொண்டை கேட்டாரே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று.

கஞ்சி கொண்டுவந்த பொன்னம்மா மறைப்புக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள். சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, அந்த உச்சியில வலப்பக்கம் ஒரு நெல்லளவு கூட எடுத்துட்டா என்ன?"

"என்னடி சொல்றே?"

"ஒரு நெல்லளவுதான். யாருக்குத் தெரியப்போவுது? பூ இந்தப் பக்கம் வழுக்கும். பொண்ணு கல்யாணம் நடக்கும். இத்தனை நாள் இடது பக்கம் சாஞ்சாரில்ல, கொஞ்ச நாள் வலது பக்கம் சாயட்டும்."

அவள் போன பிறகு கனகசபை கஞ்சியைத் தொடவில்லை. உச்சியின் வலது ஓரத்தில் உளியை வைத்தார். ஒரே தட்டு. சின்னத் தட்டு. அவர் மகள் ராஜன் வீட்டு வாசலில் கோலம் போடுவாள். சுத்தியலை ஓங்கினார், இறக்கினார், மறுபடி ஓங்கினார். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிற சாமியோடு பட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் சரி என்கிற சாமி எப்படி இருக்கும்? தம்பியை வீட்டைவிட்டுத் துரத்தலாமா என்று சின்னன் வந்து கேட்பான். சரி. இரண்டாம் தாரம் கட்டலாமா என்று எவனாவது கேட்பான். சரி, கட்டு! சீ, இது என்ன பிழைப்பு என்று சுத்தியலைக் கீழே போட்டார். உடனே மகள் முகம் வந்தது, சுத்தியலை எடுத்தார்.

கஞ்சிக் கலயத்தை எடுத்துப்போக சிவகாமி வந்தாள். கலயம் நிரம்பியபடி இருந்ததைப் பார்த்தாள். உளி எந்த இடத்தில் இருக்கிறது என்றும் பார்த்தாள்.

"அம்மா சொன்னதைச் செய்யப் போறீங்களா?"

"உனக்காகத்தாம்மா..."

"எனக்காகவா?" அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எனக்காகப் பூவைக் கேட்டீங்க. கல்லைக் கேட்டீங்க. பூசாரியைக் கேட்டீங்க, அவங்க அப்பாவைக் கேட்டீங்க. அம்மா சாமியவே மடக்கி மடக்கிக் கேட்டாங்க. உனக்கு அவனைப் பிடிச்சிருக்கான்னு இதுவரைக்கும் ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களாப்பா?"

கனகசபை யோசித்துப் பார்த்தார். கேட்கவில்லை.

"பிடிச்சிருக்கா?" என்றார் இப்போது.

"போங்கப்பா!" என்று கலயத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் அந்தி சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் சாமி உச்சியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வழிந்தது. கை விரலால் தடவிப் பார்த்தார். தேய்ப்புக் கல்லை எடுத்து இன்னும் கொஞ்சம் தேய்த்து, இனி ஒரு மயிரிழை குறை சொல்ல முடியாது என்று தெரிந்ததும் உளியால் சாமி கண்ணைத் திறந்துவிட்டுச் சாமான்களைக் கட்டினார். அந்தக் கையால் கோணல் செய்ய முடியவில்லை. வீட்டில் பொன்னம்மா "எடுத்தீங்களா?" என்றாள். அவர் உளிச் சாக்கை மூலையில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது. முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் தரம் கேட்கிற நாள் வந்தது. முனிசாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார், கூடவே ராஜன். மறைப்பை எடுத்ததும் ஊர் ஆவென்று பார்த்தது. இரண்டு காதும் இரண்டு மீசையுமாக முனீஸ்வரன் உட்கார்ந்திருந்தார். மூக்கு சப்பை என்று சின்னன்கூடச் சொல்லவில்லை. பெர்னார் அரிவாளை மட்டும் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றான். வேறு நாளாக இருந்தால் கனகசபை அதற்கே பூரித்துப்போயிருப்பார்.

பூசாரி சாமந்தியை நனைத்து உச்சியில் வைத்தார். முனிசாமி கைகூப்பினார்.

"முனீஸ்வரா, இந்தப் பொண்ணை என் வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா? நீதான் சொல்லணும்."

எல்லோரும் பூவைப் பார்த்தார்கள்.

பூ அசையவில்லை.

இன்னும் பார்த்தார்கள். ஆலங்கிளையில் குருவி கத்தியது. பூவுக்கு அடியில் தண்ணீர் காய்ந்துகொண்டு வந்தது. அது பாட்டுக்கு வலதும் இல்லாமல் இடதும் இல்லாமல் கொண்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. முனிசாமி மறுபடி கேட்டார். பெண்கள் குலவையிட்டுப் பார்த்தார்கள். வெயில் ஏறிற்று. சின்னன் லேசாக வாயைக் குவித்து ஊதப்போனான், பூசாரி அவன் தலையில் குட்டினார்.

"சாமி யோசிக்கிறாரு" என்றார் பூசாரி.

"எவ்வளவு நேரம் யோசிப்பாரு?" என்றாள் தெரேஸ், கும்பலுக்கு வெளியே இருந்து.

கனகசபைக்கு நெஞ்சு வெந்தது. வாழ்நாளில் அவர் செய்ததிலேயே நல்ல வேலை அது. அவ்வளவு சமமாக அவர் ஒரு கல்லும் கொத்தியதில்லை. அந்தச் சமமே இப்போது மகள் கழுத்துக்குக் கத்தியாக வந்து நிற்கிறதே! ஒரு நெல்லளவு எடுத்திருக்கலாமே பாவி என்று தன்னையே வைதுகொண்டார். பொன்னம்மா அவர் பக்கமே திரும்பவில்லை.

முனிசாமி பெருமூச்சு விட்டார். முகம் வாடிப்போயிருந்தது. "சாமி வாய் திறக்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்? மூணாவது தரமும் உத்தரவு வரலை. வாடா ராஜா, போகலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

அப்போதுதான் சிவகாமி எழுந்தாள். பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்தாள், பூசாரியைத் தாண்டினாள், சாமி முன்னால் நின்று ஒரு கும்பிடு போட்டாள். கையை நீட்டிக் கொண்டைமேல் இருந்த சாமந்தியை எடுத்தாள். எடுத்துத் தன் தலையில் செருகிக்கொண்டாள்.

பூசாரி பதறிப்போனார். "அடிப்பாவி! சாமி தலைப் பூவை எடுத்துட்டியே!"

"வேண்டாம்னா இடப்பக்கம் தள்ளியிருப்பாரு. அவருக்குத் தள்ளத் தெரியாதா? இத்தனை நாள் தள்ளினவருதானே!" சிவகாமி நிறுத்தவில்லை. "தள்ளாம வச்சிருந்தாரு. நீயே சொல்லுன்னு எனக்காக வச்சிருந்தாரு. சொல்லிட்டேன்."

ராஜன் வண்டிப் பக்கம் போட்ட காலை எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. முனிசாமி மெதுவாகத் திரும்பிவந்து அவள் எதிரே நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். செத்துப்போன மருமகளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அவருக்கு நினைவு வந்திருக்குமோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பூசாரி, பூ எந்தப் பக்கம் இருக்கு?" என்றார்.

பூசாரி எட்டிப் பார்த்தார். சிவகாமி வலது கைக்காரி. பூ அவள் வலது காதுக்கு மேலே இருந்தது.

"வலது" என்றார் பூசாரி, எரிச்சலோடு.

"அப்ப சரி" என்றார் முனிசாமி.

பொன்னம்மா போட்ட குலவையில் ஆலமரத்துக் குருவிகள் பறந்துபோயின. கனகசபை சாமி காலடியில் உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார்.

தையில் கல்யாணம் நடந்தது. அதோடு ஊர் அவரை விட்டதா என்றால் இல்லை. சூளைக்கும் பசுவுக்கும் பயணத்துக்கும் பூ வைத்துப் பார்க்கிறார்கள், பூ கொண்டைமேல் உட்கார்ந்தபடி இருக்கிறது. முன்பாவது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லும், இப்போது வாயே திறப்பதில்லை, என்னய்யா வேலை செய்திருக்கிறாய், கொஞ்சம் கொத்திச் சரி பண்ணு என்று தினம் ஒருத்தன் வாசலுக்கு வந்து நிற்கிறான்.

கனகசபை மூக்கால் சிரிப்பார்.

"பூ விழலைன்னா எம் பொண்ணு மாதிரி எடுத்து வச்சுக்கங்கடா" என்பார்.